மாரியாயியின் நெஞ்சில் ஒரு சத்தம்

தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, அதாவது மருந்து கொடுத்துக் கட்டுப்போடும் உதவியாளராக, இருந்தவர்களுக்கு நான் சொல்லவே வேண்டாம்: டாக்டர் மாதத்துக்கு இரண்டு தடவை வருவார், வியாதி தினமும் வரும். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், பத்தாங் பெர்ஜுந்தாய் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் எனக்கு அந்த வேலை.

படுத்தால் காணோம்

ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டும் மாரியாயி, சின்ன வயதுக்காரி, மூச்சு வாங்குகிறது என்று வந்தாள். உட்கார வைத்து நெஞ்சில் குழாயை வைத்தேன். துடிப்புக்கு நடுவே 'தொப்' என்று ஒரு சத்தம். படுக்க வைத்தேன், காணோம். எழுப்பினேன், வந்துவிட்டது. மூன்று தடவை எழுப்பிப் படுக்க வைத்ததில் அவளே காரணம் கேட்டாள். சொன்னேன்.

"உக்காந்தா சத்தம் போடுது, படுத்தா கம்முனு இருக்கா? எங்க வூட்டுக்காரர் மாதிரிதான் டிரசரய்யா!"

கட்டைவிரல்

டாக்டர் வரும் நாளுக்கு முன்பே, ஒரு காலை வெட்டுக்கத்தி அவள் கையிலிருந்து நழுவியது. வாய் கோணி, வலது கை துவண்டுவிட்டது. தலை வெடிக்கிறது என்றாள். லோரியில் ஏற்றிக் கோலாலம்பூருக்குக் கிளம்பினோம்.

சாலைத் தடுப்பில் மலாய்க் கான்ஸ்டபிள் அடையாளக் கார்டு கேட்டார். பதற்றத்தில் அவளுடையதை லயத்து வீட்டிலேயே விட்டிருந்தோம். கார்டு இல்லாமல் யாரும் தாண்ட முடியாத காலம். எனக்குத் தெரிந்த மலாய் மறந்துபோனது. அவள் புருஷன் கோவிந்தன் அந்தத் துவண்ட கையை மெல்லத் தூக்கி நீட்டி, 'ஐயா' என்பதை மட்டும் மலாயில் 'துவான்' என்று சொல்லி, மற்றதைத் தமிழிலேயே பேசினான். கான்ஸ்டபிள் தடுப்பைத் தூக்கிவிட்டார். கோவிந்தன் சொன்னது இவ்வளவுதான்:

"துவான், கார்டுல ரேகை வச்சது இந்தக் கட்டைவிரல்தாங்க. நல்லாப் பாத்துக்குங்க."

மீதி

பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் என்னைத் தனியே அழைத்தார். இதயத்துக்குள் கட்டி இருக்கலாம், நான் கேட்ட 'தொப்' அது அசையும் சத்தம்தான், அதிலிருந்து துணுக்குகள் பிய்ந்து மூளைக்குப் போகின்றன, அவை ஒட்டிய இடத்தில் ரத்தக்குழாய் பலூன்போல் உப்புகிறது, உடைந்தால் உயிருக்கு ஆபத்து என்றார். இதயத்தைத் திறந்து கட்டியை எடுக்க அப்போது இங்கே வழியில்லை. தலைவலிக்கு மாத்திரையும், கனமான வேலை கூடாது என்று ஒரு கடிதமும் தந்தார். அதுதான் சிகிச்சை.

மாரியாயியிடம் பாதியை மறைத்துச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மீதிய எப்ப சொல்லப் போறீங்க?"

ஆயாக் கொட்டகை

மீதியைத் திரும்பும் வழியில் சொன்னேன். மானேஜரிடம் கடிதத்தைக் காட்டி மன்றாடி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக் கொட்டகையில் அவளுக்கு வேலை வாங்கினேன். இடது கையால் தொட்டில் ஆட்டி, கிட்டத்தட்ட ஒரு வருடம் சிரித்துக்கொண்டு இருந்தாள். ஒருநாள் தலையைப் பிடித்தபடி சாய்ந்தாள். நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. மடியிலிருந்த பிள்ளையை மட்டும் பத்திரமாகக் கீழே இறக்கி வைத்திருந்தாள்.

காரியம் முடிந்து, என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லையே என்று கோவிந்தனிடம் சொன்னேன். அவன் எனக்குக் கோப்பி ஊற்றினான்.

"அவ நெஞ்சுல என்ன இருக்குதுன்னு காது குடுத்துக் கேட்டது நீங்க ஒருத்தர்தான் ஐயா. எனக்கே அது தோணலியே."

என் காலம் முழுக்க நான் குணப்படுத்தியவை பெரும்பாலும் தானாகவே குணமாகிற வியாதிகள்தாம் என்பதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை, அவ்வளவு நல்ல மனிதர்கள்.