புல்லில் இறங்காதவன்

முதலில் அவனுக்கு முதுகே இருக்கவில்லை. வட்டுக்கோட்டையில், இடம்பெயர்ந்து நாங்கள் ஒண்டியிருந்த வீட்டுக்காரரின் ரீவியில் நான் கண்ட விளையாட்டு மனிதனுக்கு ஒரு பக்கம் மட்டும்தான். மூக்கு, வயிறு, ஓடும் கால். திரையின் இடது ஓரத்தில் பிறந்து வலது ஓரத்துக்கு ஓடினான். குதித்தான், விழுந்தான், மறுபடியும் இடது ஓரத்தில் பிறந்தான். திரும்பிப் போக அவனுக்கு வழியில்லை. வந்த இடத்தைத் திரை விழுங்கிவிடும். கரண்ட் இருக்கும் கொஞ்ச நேரத்தில் அண்ணையும் நானும் அவனை மாறி மாறி ஓட்டுவோம். சாவகச்சேரிப் பக்கம் இருந்த எங்கள் வீடும் அப்படித்தான் எங்களுக்குப் பின்னால் விழுங்கப்பட்டிருந்தது. முன்னால் மட்டும்தான் போகலாம் என்ற உலகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. நான் அதை அப்போது அறியவில்லை.

பிறகு பாதை திறந்தது.

அந்த நாட்களில் பாதை என்றால் தெற்கே போகும் ஏ-ஒன்பது நெடுஞ்சாலைதான். 'பாதை திறந்திட்டாம்', 'பாதை பூட்டியாச்சாம்' என்பார்கள். வேறு எந்தத் தெருவுக்கும் அந்தச் சொல் கிடைக்காது. சமாதான காலத்தில் அது திறந்ததும் அண்ணை கொழும்புக்குப் பஸ் ஏறி, சாம்பல் நிற விளையாட்டுப் பெட்டி ஒன்றோடு திரும்பி வந்தார். நாங்களும் அதற்குள் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தோம். கூரையில்லாத வீடு. நீலத் தறப்பாளின் கீழ் ரீவியை வைத்து அண்ணை பெட்டியைக் கொழுவினார். திரை வெளித்தது. அவன் நின்றான், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

கோணல்மாணலாக, மரத்தில் கொத்தி எடுத்தது போன்ற முதுகு. முகம் காண வேண்டுமென்றால் நாங்கள் அவனைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். அவனுக்கு முன்னால் மஞ்சள் மண் பாதை. இரு பக்கமும் பச்சைப் புல். தூரத்தில் மலை, மலைக்கு அப்பால் இன்னும் ஏதோ. விளையாட்டுக்குள் 'பின்னால்' என்று ஒன்று வந்துவிட்டது: மரத்துக்குப் பின்னால், வீட்டுக்குப் பின்னால், அவனுக்கே பின்னால். எனக்கு உடம்பு கூசியது.

"எங்கை வேணுமெண்டாலும் போகலாமாம்," என்றார் அண்ணை. கடைக்காரன் சொல்லிவிட்ட வசனம். "உவனுக்கு நாலு பக்கமும் திறந்து கிடக்கு."

நாங்கள் போகவில்லை.

எங்கள் பின்காணியில் அப்போது மண்டையோடு கீறிய சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி. கிணற்றடி வரைக்கும்தான் எங்களுக்குக் காணி. அதற்கு அப்பால், பின்படலைக்கு, பின்வாசலுக்கு, போக ஒரேயொரு ஒற்றையடித் தடம், மாடுகள் போய்வந்து உண்டாக்கியது. மாடு போன தடத்தில் கால் வைக்கலாம், மாடு போகாத புல்லில் வைக்கக் கூடாது. அந்த வருடங்களில் எங்கள் தென்மராட்சிப் பகுதிக்குத் திரும்பி வந்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும்.

அண்ணை அவனை மஞ்சள் மண்ணின் நட்டநடுவால் நடத்தினார். ஓட விடவில்லை. ஓரிடத்தில் பாதை முடிந்தது. அதற்குப் பிறகு புல் மட்டும். புல்லில் ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது.

"நில்லுங்கோ அண்ணை."

"நிக்கிறன்."

"முதல்ல ஆடு போகட்டும்."

"அதைத்தானே நானும் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

நாங்கள் பகிடி விடவில்லை. ஆடு நகர்ந்தது. அது போன வழியால் அண்ணை அவனைக் கொண்டுபோனார். ஆடு ஒரு வட்டம் சுற்றிப் பழைய இடத்துக்கே வந்தது. அது மட்டும்தான் அதற்குத் தெரியும். நாங்களும் வந்தோம். பின்னேரம் முழுக்க அந்த ஆட்டின் பின்னால் சுற்றினோம். விடுமுறைக்கு வந்திருந்த மச்சான், கொழும்பில் வளர்ந்தவன், தலையில் அடித்துக்கொண்டான்.

"டேய், உது கேமடா! உதுக்குள்ளை ஆர் வந்து வெடி தாட்டது?"

விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்த பிறகும் அண்ணை புல்லில் இறங்கவில்லை.

பிறகு பாதை பூட்டியது. அண்ணை வெளிநாடு போனார். யுத்தம் முடிந்து, மிதிவெடி அகற்றும் பெண்கள் வந்து, மாதக்கணக்காக முழங்காலிட்டிருந்து மண்ணைச் சுரண்டிச் சுரண்டிப் பார்த்து, எங்கள் காணியை முடித்துத் தந்தார்கள். பலகைகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். பலகை இல்லாத காணி எனக்கு இன்னும் கூடுதலாகப் பயம் தந்தது. முன்பு பயம் எங்கே நிற்கிறதென்றாவது தெரிந்தது.

மகள் பிறந்தபோது ஒன்றே ஒன்றை மட்டும் வேண்டினேன். என் கால்களில் இருப்பது அவளின் கால்களுக்குப் போகக் கூடாது. வீட்டில் மிதிவெடி என்ற சொல்லையே எடுப்பதில்லை. பாம்பு கிடக்கும் என்றுகூட வெருட்டியதில்லை. காணி காணியாக இருக்கட்டும், புல் புல்லாக.

போன மாதம் அண்ணை தன் மருமகளுக்கு, என் மகளுக்கு, ஒரு பார்சல் அனுப்பினார். அதே விளையாட்டு, இந்தக் காலத்துக்குப் புதிதாகச் செய்தது. சனிக்கிழமை பின்னேரம் அவள் அதைப் போட்டாள். அண்ணை போனில் நின்றார். லவுட்ஸ்பீக்கரில் அவருடைய குளிர்தேசத்துக் காலை கேட்டது, கேத்தில் கொதிக்கிற சத்தம்.

அவன் வந்து நின்றான். இப்போது முதுகு உருண்டு திரண்டிருந்தது, சட்டையில் மடிப்புகூட விழுந்தது. என்றாலும் அதே நிற்பு. புல் தாள் தாளாக ஆடியது. காற்றின் சத்தம் இருந்தது. முன்பு அந்தப் புல்வெளியில் காற்றே இருந்ததில்லை.

"மருமகள், புல்லுக்குள்ளாலை விழுந்தடிச்சு ஓடு!" என்றார் அண்ணை. "உன்ரை கொம்மாவும் நானும் உந்த ஆட்டுக்குப் பின்னாலை திரிஞ்சே கிழண்டு போனம்."

அவள் சிரித்தாள். பாதை முடியும் இடம் வரைக்கும் அவனைக் கொண்டுவந்து, அங்கே நிறுத்தினாள். திரைக்குள் காட்சியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினாள்.

"ஏன் பிள்ளை நிக்கிறாய்?" என்றேன்.

"வேறை பாதை கிடக்கோ எண்டு பாக்கிறன்."

"புல்லுக்குள்ளாலை போகலாம்தானே."

"புல்லுக்குள்ளை போறேல்லை, அம்மா."

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. போறேல்லைத்தானே."

போறேல்லை. வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் தின்னிறேல்லை, பொழுதுபட்டால் வீடு கூட்டிறேல்லை என்று நாங்கள் சொல்வோமே, அந்தப் போறேல்லை. தடுத்தவர் யாருமில்லை, காரணம் யாருக்கும் தெரியாது, ஆனால் செய்வதில்லை. ஒரு தலைமுறைக்குள் அது வழக்கமாகி, என் வீட்டுச் சாமியறை வரைக்கும் வந்து உட்கார்ந்திருந்தது.

போனில் கேத்தில் சத்தம் நின்றது. "கேட்டனியே, பிள்ளை?" என்றார் அண்ணை, என்னை.

"ஓம்."

"உவளுக்கு ஆரடி..."

"விடுங்கோ அண்ணை."

யார் சொல்லிக் கொடுத்ததென்று எனக்குத் தெரியும். பின்படலைக்குப் போகும்போதெல்லாம் அவள் எனக்குப் பின்னால் வந்தவள். வெறும் வெளியில், காரணமில்லாமல், மாடு என்றோ வளைந்த இடத்தில் நானும் வளைந்து போனதை என் முதுகைப் பார்த்தே பழகியவள். புல்லுக்குள் உருண்ட பந்தை எடுக்காமல், "விடு, வேறை வாங்குவம்" என்று நான் சொன்னதைக் கேட்டவள். வாயைத்தான் நான் பூட்டி வைத்திருந்தேன்.

"வா பிள்ளை," என்றேன். "உதை நிப்பாட்டிப்போட்டு வெளியாலை வா."

நாங்கள் கிணற்றடியைத் தாண்டும்போது, அறைக்குள் போனில் அண்ணை ஆளில்லாத திரையோடு கதைத்துக்கொண்டிருந்தது கேட்டது. "ஹலோ? எங்கை போட்டியள் ரெண்டு பேரும்? ஹலோ?"

தடத்தின் நடுவில் நின்றேன். வெயில் சரிந்திருந்தது. புல் முழங்கால் உயரம், இடையிடையே எருக்கலை. இடது காலை எடுத்துப் புல்லில் வைத்தேன். அது என் கால் போலவே இருக்கவில்லை. நிலம் மெத்தென்று கொஞ்சம் இறங்கியது, அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தில் நான் மூச்சை விட மறந்தேன். அடுத்த கால். அடுத்தது.

"அம்மா, இஞ்சாலை வாங்கோ."

"ஒண்டுமில்லை, பார். நீயும் வா."

"ஒண்டுமில்லை எண்டு தெரியும். எண்டாலும் வாங்கோ."

வரமாட்டேன் என்று தலையாட்டினேன். அவள் கனநேரம் நின்றாள். பிறகு இறங்கினாள், நான் மிதித்துச் சாய்ந்த புல்லில் மட்டும், நொண்டிக்கோடு விளையாடுவது போல ஒவ்வொரு அடியாகப் பார்த்துப் பார்த்து. சாயாத புல்லில் ஒரு விரல்கூடப் படவில்லை.

"பக்கத்தாலை வாவன், செல்லம்."

"எனக்கு உது காணும், போதும்."

கோபிக்க முடியவில்லை. நான் திரும்பிக் குறுக்காக நடந்தேன். பிறகு மறுக்காக. காலை அகட்டி, குதியை ஊன்றி, உழுகிறவளைப் போல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்தேன். சாய்ந்த புல் ஒரு பாய் அளவானது, பிறகு ஓர் அறை அளவு. அவள் அந்த அறைக்குள் கொஞ்சம் தாராளமாக நின்றாள். முதலில் சாய்த்த புல் அதற்குள் மெல்ல நிமிரத் தொடங்கியிருந்தது. நான் அதை மறுபடியும் மிதிக்கப் போனேன்.