தவளைக்கு வலிக்குமா?

எங்கள் கடற்கரையில் யாருக்கு இருமல் வந்தாலும் மாத்திரைச் சீட்டை ஜின்சி அக்காவிடம்தான் நீட்டுவார்கள். அவள் பார்மசி படித்தவள். ஒரே ஒரு செய்முறைத் தேர்வு மட்டும் பாக்கி. அதில் இரண்டு முறை தோற்றாயிற்று. மார்த்தாண்டத்தில் ஒரு மருந்துக்கடை அவளுக்காக இடம் வைத்திருந்தது. இந்த முறையும் தோற்றால் வேறு ஆளைப் போட்டுவிடுவார்கள்.

தேர்வு தவளையின் வயிற்றுத் தசையைப் பற்றியது. இப்போது தவளையை அறுப்பதில்லை. கணினித் திரையில் ஒரு தசை தொங்கும். மருந்தின் பெயரை அமுக்கினால் சொட்டு விழும், தசை சுருங்கும், பக்கத்தில் கோடு எழும்பும்.

தேர்வுக்குப் போகும்போது நாகர்கோவில் பஸ்ஸில் தோழி ஸ்மைலின் கிண்டலடித்தாள். "ஏட்டி, உயிரே இல்லாத தவளைக்கா இப்பிடிப் பயப்படுக?"

"தவளை ஒண்ணும் செய்யாதுட்டி. இங்கிலீஷ்தான் கடிக்கும்."

அப்படியே நடந்தது. ஈரோட்டிலிருந்து வந்திருந்த தேர்வாளர் ஆங்கிலத்தில் கேள்வி கேட்டதும் அக்கா "சார், தி மசில்..." என்று தொடங்கி அங்கேயே நின்றாள்.

"சரிம்மா, தமிழ்லயே சொல்லு."

"அசிட்டைல்கோலின் விட்டா வலிக்கும் சார். பொட்டாசியம் கூடுதலா விட்டாலும் வலிக்கும். டியூபோகுராரின் விட்ட பெறவு அசிட்டைல்கோலின் குடுத்தா வலிக்காது."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "கம்ப்யூட்டர் தவளைக்கு எங்கம்மா வலிக்கும்? இது என்ன வலி மாத்திரையா?"

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. எங்கள் ஊரில் வலிப்பது என்றால் இழுப்பது. உடம்பு வேதனைக்கு நோவு என்போம்.

"ஐயோ சார், நோவு இல்ல! கரமடி வலிக்கோம்லா, கரையில நின்னு வலைக் கயித்த இழுக்கது? அந்த வலி. தசை இழுத்துச் சுருங்குகது."

அவர் சிரித்துவிட்டார். ஆனாலும் விடவில்லை. "சரி, டியூபோகுராரின் விட்ட தசையில பொட்டாசியம் விட்டா?"

"அப்பவும் வலிக்கும் சார். டியூபோகுராரின் கயிறு வலிக்க ஆளுக்க காதப் பொத்துது. அசிட்டைல்கோலின் கூப்பிட்டா அவனுக்குக் கேக்காது. பொட்டாசியம் கூப்பிடாது சார், நேரா முதுகுல ஒரு தள்ளு! உள்ள இருக்க கால்சியம் வந்து கயித்தப் புடிச்சிரும்."

"இவ்வளவு தெரிஞ்சும் எப்படிம்மா ரெண்டு தடவை போச்சு?"

"ரெண்டு தடவையும் இங்கிலீஷ்ல வலிச்சுப் பாத்தேன் சார். வலை கரைக்கு வரல்ல."

முடிவு வந்த அன்றே கடைக்காரர் போன் செய்தார். "திங்கக்கிழமை வந்துரு மக்கா."