பதினாலு மணி நேரத்து மச்சான்

நண்பகல் பன்னிரண்டரைக்குச் செய்தி வந்தபோது, தம்பி பட்டறையில் ஒரு நீலக் காரின் கதவிலிருந்த நசுங்கலைத் தட்டி எடுத்துக்கொண்டிருந்தான். போனில் அக்காவின் கடைக்கு அடுத்த கடைத் தையல்காரம்மா.

"தம்பி, அக்காவை அடிச்சுப் போட்டுட்டான்ப்பா அவ புருஷன். ஷட்டர் இழுக்கிற கம்பியால மண்டையிலயே போட்டான். ஆஸ்பத்திரியில உசிர் இருக்கு. உடனே கிளம்பி வா."

சுத்தியல் நழுவிக் காலில் விழுந்தது. அவனுக்கு உறைக்கவில்லை.

அக்காவும் அவள் புருஷனும் விமான டிக்கெட் போடும் கடை வைத்திருந்தார்கள். எந்த ஊருக்கு எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் என்று கேட்டால் திரையைப் பார்க்காமலே சொல்லிவிடுவாள் அக்கா. தம்பி இருக்கும் ஊர் பன்னிரண்டாயிரம் கிலோமீட்டர். பதினாலு மணி நேரம்.

அந்தப் பதினாலு மணி நேரம்தான் புருஷனுக்குத் துணிச்சல். முதல் தடவை அவள் மணிக்கட்டை அவன் முறித்தபோது தம்பி போனில் கத்தினான். "நான் வந்தேன்னா உன் கை இருக்காது!"

"வாடா மச்சான். நீ வந்து இறங்கறதுக்குள்ள அவளோட இன்னொரு கையையும் முறிச்சுட்டு, சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்டு எழுந்துடுவேன்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் தம்பிக்கு 'பதினாலு மணி நேரத்து மச்சான்' என்றே பெயர். அக்காவும் கிழிந்த உதட்டோடு சிரிப்பாள். "நீ வர்றதுக்குள்ள வீக்கமே வத்திடும்டா. அப்புறம் வந்து எதைப் பார்ப்பே?"

கடைசியில் அவளே தம்பியிடம் கிளம்பிவிட முடிவு செய்தாள். புருஷன் கண்ணில் படாமலிருக்க, நாலு தெரு தள்ளி வேறொரு கடையில் டிக்கெட் போட்டாள். அந்தத் தொழிலில் ஒரு மரியாதை உண்டு. சக கடைக்காரர் வீட்டு டிக்கெட்டுக்குக் கமிஷன் எடுக்கமாட்டார்கள். எடுக்கவில்லை என்பதைக் கூப்பிட்டுச் சொல்லவும் செய்வார்கள். அந்த மனிதர் நல்லெண்ணத்தோடு கூப்பிட்டுச் சொன்னார். புருஷன் நன்றி சொல்லிப் போனை வைத்துவிட்டு, ஷட்டரைப் பாதி இறக்கினான்.

அக்காவும் லேசில் விடவில்லை. அவள் கடித்த கடியில் அவன் கட்டைவிரலில் எலும்பு தெரிந்தது.

விமானத்தில் எதிரே இருந்த சின்னத் திரையிலிருந்து தம்பி கண்ணை எடுக்கவில்லை. மிச்சத் தூரம் குறையக் குறைய, "இரு அக்கா, வந்துட்டேன்" என்று முனகிக்கொண்டே வந்தான். இறங்கிப் போனைத் திறந்ததும் தையல்காரம்மாவின் செய்தி இருந்தது. இரண்டாயிரம் கிலோமீட்டர் மிச்சமிருந்தபோதே அக்கா போய்விட்டாள்.

ஆஸ்பத்திரி நடைவழியில், விரலில் கட்டோடு, இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவே அக்கா புருஷன் உட்கார்ந்திருந்தான்.

"வந்துட்டியா, மச்சான்?"

தம்பி அவன் முகத்தைச் சுவரில் மோதினான்; பல் தெறித்தது. போலீஸ்காரர்கள் பிய்த்து இழுப்பதற்குள் கட்டுப் போட்ட அந்தக் கை மணிக்கட்டில் முறிந்து தொங்கியது. அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

தம்பி அந்த ஊரிலேயே போலீஸ் காவலில் இருக்கிறான். பட்டறையில் அந்த நீலக் காரின் கதவில் பாதி நசுங்கல் இன்னும் எடுபடாமல் இருக்கிறது.