மந்திரியை முதலில் இறக்குபவர்

சதுரங்கப் பலகையில் சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாரா, அடுத்தது மந்திரிதான். அதையும் தூக்கி வைக்க மாட்டார். சுண்டுவிரல் பக்கத்தால் தள்ளிக்கொண்டே போய், திறந்த வழியில் சாய்வாக நகர்த்தி, எதிராளியின் படையைப் பார்க்க நிறுத்துவார். தள்ளும்போது நாக்கு நுனி வெளியே எட்டிப் பார்க்கும்.

எங்கள் தெரு சலூன்காரர். போன வருடம்வரை குதிரையைத்தான் முதலில் குதிக்க விடுவார். திடீரென்று இந்த மந்திரி மோகம் ஏன் என்று, முடி வெட்ட வந்தவர்கள் ஆளுக்கொரு கதை கட்டினோம். புதுசாக ஏதோ புத்தகம் படிக்கிறார் என்றார் தபால்காரர். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"என்னண்ணே, குதிரைக்குப் புல்லு போட வக்கில்லையா?"

"புல்லு கெடக்கு. தூக்கத்தான் கை வரல," என்றார், சிரித்துக்கொண்டே.

பக்கவாதம் வந்து எழுந்தவர். நடை திரும்பிவிட்டது. வாய் ஒருநாளும் போகவில்லை. வலது கை விரல்கள்தான் இன்னும் எதையும் கவ்வுவதில்லை. மந்திரியைத் தள்ளினால் போதும். குதிரையைச் சிப்பாய்களுக்கு மேலே தூக்கியாக வேண்டும்.

எதிரில் ஆடுவது அவர் சம்சாரம். ஈவிரக்கம் கிடையாது.

"இடது கை எங்க வருது? வலது கையால ஆடுங்க!"

"பாத்தியாப்பா, தாலி கட்டுன கையையே கண்டிக்கிறா."

கடையின் முதல் நாற்காலி துண்டு போர்த்திக் கிடக்கிறது. அது அவருடையது. இரண்டாவதில் அவர் தம்பி வெட்டுகிறான். மாதம் முடிந்தால் முதல் நாற்காலிக்கு வேறு ஆள் வருவான் என்று தம்பி சொல்லிவிட்டான். வியாபாரம் படுத்துவிட்டது, அவனைக் குறை சொல்லவும் முடியாது. கத்தரி பிடிக்க முடியாத அண்ணன் என்ன நியாயம் பேசுவார்? துண்டை மட்டும் அடிக்கடி உதறிப் போடுகிறார்.

நேற்று மத்தியானம் சிப்பாய் போனது, மந்திரி போனது. ஆட்டம் கொஞ்சம் நீண்டதும் கை குதிரைப் பக்கம் நகர்ந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் கழுத்தைப் பிடித்தன. குதிரை நடுங்கிக்கொண்டே மேலே எழும்பியது. தம்பியின் கத்தரிச் சத்தம் நின்றது. என் தலை பாதியில் நின்றது. குதிரை இறங்கிய இடமோ, அந்த அம்மாவின் சிப்பாய்க்கு நேர் வாயில்.

"அண்ணி, இந்த ஒரு தடவை விட்ருங்க," என்றான் தம்பி.

"எதுக்கு விடணும்?"

டக்கென்று வெட்டினார் அந்த அம்மா. வெட்டிய குதிரையைப் பெட்டியில் போடவில்லை. புருஷனின் வலது உள்ளங்கையில் வைத்து, அவர் விரல்களை ஒவ்வொன்றாக அதன்மேல் மடக்கினார்.