உள்ளே போகாத பந்து

என் அக்கா வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் யாரும் வாய் திறந்து எதையும் கேட்க மாட்டார்கள். தலையைத் தூக்காமல் கையை மட்டும் நீட்டுவார்கள். உப்பு வேண்டுமென்றால் உப்புக் கிண்ணம் வந்து உள்ளங்கையில் உட்காரும். தண்ணீர் வேண்டுமென்றால் தம்ளர் வரும். கொடுப்பது அத்தான். எந்தக் கை எதற்கு நீளுகிறது என்று அவருக்கு எப்படித் தெரிகிறது என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டதுதான் மிச்சம். அக்கா மகள் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவளை ஒரு கிண்ணத்தை நகர்த்தச் சொன்னால் பாதியைக் கொட்டிவிட்டு மீதியைக் கொடுப்பாள். அந்த வீட்டில் எல்லாருக்கும் வாங்கத் தெரியும். கொடுக்கத் தெரிந்தவர் அத்தான் ஒருவர்தான்.

அத்தானுக்கு ஒரு பெண்கள் கல்லூரியின் விளையாட்டு அரங்கில் தரை துடைக்கும் வேலை. அதே கல்லூரியில் எனக்கு வீடியோ எடுக்கும் வேலை. எனக்கு அதை வாங்கிக் கொடுத்தது அத்தான்தான் என்பதை அக்கா வாரம் ஒரு முறையாவது சொல்லிக்காட்டிவிடுவாள். அத்தான் குள்ளம். அவருடைய துடைப்பத்தின் கம்பு அவரைவிட ஒரு சாண் உயரம். காலையில் தரையை இரண்டு நடை துடைத்துவிட்டு, இருபத்து நான்கு பந்துகளையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, காற்றுக் குறைந்ததைத் தனியே எடுத்து வைப்பார். கூடைப்பந்து விளையாடும் பெண்கள் அவரைச் சுவரண்ணா என்று கூப்பிடுவார்கள். எப்படி எறிந்தாலும் பந்து பிசகாமல் திரும்பி வரும் என்பதால் அந்தப் பெயர்.

கூடைக்குப் பக்கத்தில், எதிராளியை முதுகால் அடைத்துக்கொண்டு ஒரு நெட்டைப் பெண் நிற்பாள். அந்த இடத்துக்குப் போஸ்ட் என்று பெயர். வெளியே நின்று ஆட்டத்தை நடத்துகிற கார்டுகள் அவள் கைக்குப் பந்தைச் சேர்த்துவிட்டால், ஒரு திரும்பு, ஒரு எட்டு, பந்து கூடைக்குள். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் இருந்த கோச், நேரம் மிச்சமாகட்டும் என்று கார்டுகளை அரங்கின் ஒரு பாதிக்கு அனுப்பி, தூரத்திலிருந்து கூடையில் எறியப் பழகச் சொல்லிவிட்டார். மறு பாதியில் நெட்டைப் பெண்களுக்குப் பந்து போட ஆளில்லை. துடைப்பத்தோடு நின்ற அத்தானைப் பார்த்து, "சும்மாதானே நிக்கறே, ரெண்டு பந்து போடேன்" என்றாராம். அந்த இரண்டு, நாளைக்கு இருநூறு ஆயிற்று. கோச்சுகள் நான்கு பேர் மாறினார்கள். இந்த ஏற்பாட்டை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அத்தான் போடுகிற பந்தைப் பார்க்கவேண்டும். தரையில் ஒரு தட்டு, நேராகப் போய் அவள் எந்தக் கையைக் காட்டினாளோ அந்தக் கையில் நிற்கும். சொல்லப்போனால், அவள் கையைத் தூக்குவதற்கு முன்பே பந்து கிளம்பியிருக்கும். நான் அதைக் கவனித்திருக்கிறேன், யாரிடமும் சொன்னதில்லை.

ஆனால் மேட்ச் என்று வந்தால் பந்து உள்ளே, அவள் கைக்கு, போகாது. போனாலும் எதிராளி கைக்குப் போகும், இல்லாவிட்டால் நம் பெண்ணின் காலில் பட்டு வெளியே ஓடும். என் கேமராவுக்கு நேர் கீழே, வலது மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அத்தான் உட்கார்ந்து எல்லா மேட்சையும் பார்ப்பார். முடிந்ததும் என்னை அண்ணாந்து பார்த்து, "இன்னிக்கும் உள்ள போகலம்மா" என்பார்.

ஒரு நாள் அவரே சொன்னார்: "எனக்கு வேற ஆசையே இல்லம்மா. நான் பந்து போட்டுப் பழக்கின பொண்ணு ஒருத்தி, மேட்ச்ல நல்ல பந்து ஒண்ணு வாங்கி உள்ள போடறத ஒரே ஒரு தடவ கண்ணால பாத்துட்டா போதும்."

இந்த வருடம் அந்த ஆசையெல்லாம் ஏணியின் மேல். போஸ்ட்டில் ஆடுகிற கடைசி வருட மாணவி. உயரத்துக்காக வந்த பட்டப்பெயர், ஏணி என்று கூப்பிட்டால் கோபப்படாமல் திரும்பிப் பார்ப்பாள். அவளுக்கு இன்னும் சில மேட்சுகள்தான் பாக்கி இருந்தபோது புதிய கோச் வந்து சேர்ந்தார். சுறுசுறுப்பான அம்மா. முதல் மேட்ச் முடிந்ததுமே என் அறைக்கு வந்து, "இந்தக் கார்டு பொண்ணுங்களுக்குக் கண்ணே கிடையாதா? போஸ்ட்ல நிக்கறவ கையத் தூக்கியும் பந்து போகாத இடத்தையெல்லாம் வெட்டி ஒண்ணாச் சேத்துக் குடும்மா" என்றார்.

எட்டு வருடப் பதிவுகளைத் துழாவினேன். இருநூற்றுப் பதினான்கு துண்டுகள் கிடைத்தன. வெவ்வேறு வருடங்களில் ஆடிய ஐந்து பெண்கள். கோச் அம்மா கார்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாருங்க, பந்தைத் தலைக்கு மேல வெச்சுக்கிட்டு முழிக்குது. ரெண்டு எட்டு கீழ எறங்கினா வழி கெடைக்கும். அதுகூட யாரும் சொல்லித் தரல." அவர் சொன்னது சரிதான். கார்டுகள் அதைப் பழகியதே இல்லையே. நான் பார்த்தது நெட்டைப் பெண்களின் முகங்களை.

கையைத் தூக்கிய அடுத்த கணம் அவர்கள் தலையைத் திருப்பிக் கேமராவைப் பார்த்தார்கள். முதலில் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்தேன். அவ்வளவு லட்சணமாகவா இருக்கிறேன் என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. பிறகுதான் புரிந்தது, பார்வை எனக்குச் சற்றுக் கீழே. வாய் லேசாகத் திறந்திருக்கும், கண் இமைக்காது. தூக்கத்தில் பெயரைக் கேட்டவர்கள் முகம் மாதிரி இருந்தது. ஐந்து பேருக்கும் அதே முகம். தன்னைப் பார்க்காதவளுக்குக் கார்டு எப்படிப் பந்து போடுவாள்? ஒரு விநாடி தயங்குவாள், வழி அடைபட்டுவிடும்.

ஏணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான் பந்தைத்தான்க்கா பாக்கறேன்" என்றாள். துண்டைப் போட்டுக் காட்டினேன். நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டாள். "அது நான் இல்லக்கா" என்றாள். அவள் சட்டை, அவள் எண், அவள் முகம். பொய் சொல்கிற பெண் இல்லை. கோச் அம்மா ஒரு வாரம் கார்டுகளைப் பிடித்துவைத்துப் பந்து போடப் பழக்கினார். அவர்கள் கை தேறியது. அடுத்த மேட்சில் ஏணி கையைத் தூக்கினாள், தலை திரும்பியது. "பாத்தேனா?" என்று என்னிடமே கேட்டாள், பாவம்.

அப்போதுதான் பழைய ஒன்று நினைவுக்கு வந்தது. ஒரு நாள் நானும் அத்தானும் பஸ்ஸில் போனோம். கண்டக்டர், இங்கே போஸ்ட்டில் ஆடிய பழைய மாணவி. கூட்டத்துக்குள் அத்தானைக் கண்டதும் அவள் வலது கை விரிந்தபடி மேலே எழுந்தது, டிக்கெட் கட்டு கீழே விழுந்தது. "ஐயோ, கை தானாப் போகுது சுவரண்ணா" என்று சிரித்தாள். அத்தானும் சிரித்தார். நானும் அன்றைக்குச் சிரித்துத் தொலைத்தேன்.

சொன்னால் அந்த மனிதர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் ஏணிக்கு மீதியிருந்த ஒரே மேட்சும் போய்விடும், அவருடைய ஆசையும் அதோடு போகும். இரண்டு நாள் எரிந்து எரிந்து விழுந்துவிட்டு, மூன்றாம் நாள் மதியம் அத்தானை என் அறையில் உட்காரவைத்துப் படத்தை ஓடவிட்டேன். முதலில் குதூகலமாகத்தான் இருந்தார். "இவள ஞாபகம் இருக்கா? இப்ப ரெண்டு பிள்ளைக்கு அம்மா." போகப்போகப் பேச்சு நின்றது.

"ஏம்மா, இவங்க என்னையா பாக்கறாங்க?"

"ஆமா அத்தான்."

"அப்ப நான் மேட்சுக்கு வராம இருந்துடறேன்."

கடைசித் துண்டைப் போட்டேன். வெளியூர் மேட்ச். அன்று மகளுக்குக் காய்ச்சல், அத்தான் வரவில்லை. அங்கே வலது மூலையில் ஒரு தீயணைப்பு உருளை மட்டும் இருந்தது. ஏணி கையைத் தூக்கிக்கொண்டு அந்த உருளையைப் பார்த்தாள், அதே முகத்தோடு. அத்தான் தன் கைகள் இரண்டையும் முழங்காலுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டார். "ஆளே இல்லாட்டியும் தேடறாளேம்மா" என்றார். அழுதுவிடுவாரோ என்று பயந்தேன். அழவில்லை, எழுந்து போய்விட்டார்.

அன்றிலிருந்து அரங்கில் பந்தைத் தொடவில்லை. வீட்டிலும் சாப்பிடும்போது கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டார். நீட்டிய கைகள் அப்படியே அந்தரத்தில் நின்றன. "என்னடி பண்ணின அவர?" என்று அக்கா என்னைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசி மேட்ச் அன்று அத்தான் முன்னதாகவே வந்தார். நாற்காலியைத் தூக்கி, சுவரைப் பார்த்தபடி திருப்பிப் போட்டு, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"காலியா இருந்தா தேடுவா. முதுகைப் பாத்தா தேட மாட்டா" என்றார்.

"அப்ப நீங்க எப்படி அத்தான் பாப்பீங்க?"

"நீ பாத்துச் சொல்லு."

பத்தொன்பது வருடம் காத்திருந்தவர் சொல்கிற பேச்சா அது?

ஏணி முதல் தடவை கையைத் தூக்கித் திரும்பியபோது அந்த முதுகைப் பார்த்தாள். முகத்தில் அடித்தாற்போல் இருந்திருக்கும், அப்படியே நின்றுவிட்டாள். பந்து பறிபோனது. இரண்டாம் தடவையும் அதேதான். ஆட்டம் முடிய இரண்டு நிமிடம் இருந்தபோது மூன்றாம் தடவை கையைத் தூக்கினாள். இந்தத் தடவை தலை திரும்பவில்லை. பந்து, எலி என்று எல்லாரும் கூப்பிடுகிற பெண்ணின் கையில். கார்டுகளில் சுட்டியானவள் அவள். அந்த நேரம் பார்த்துக் கீழே நாற்காலி கிறீச்சிட்டது. குனிந்து பார்த்தேன். அத்தானின் இரண்டு கைகளும் மார்புக்கு எழுந்து, சுவரை நோக்கி ஒரு தள்ளுத் தள்ளின. நான் நிமிர்ந்து பார்த்தபோதுதான் எலியின் கையிலிருந்து பந்து கிளம்பியது. தரையில் ஒரு தட்டு. ஏணி காட்டிய கையில் போய் நின்றது. திரும்பினாள், உள்ளே போட்டாள். அரங்கமே எழுந்து கத்தியது.

"போயிடுச்சாம்மா?" என்றார் அத்தான், திரும்பாமல்.

"போயிடுச்சு அத்தான். நல்ல பந்து."

அவர் தோள்கள் குலுங்கின. நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் காலையில் தனியாக உட்கார்ந்து அந்தத் துண்டை மெதுவாக ஓட்டிப் பார்த்தேன். ஏணி எலியை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். எலி அவளைப் பார்க்கவில்லை. பந்தைப் போடுவதற்கு முன் அவள் தலை திரும்பியது. வாய் லேசாகத் திறந்து, கண் இமைக்காமல், என் கேமராவுக்குச் சற்றுக் கீழே பார்த்தாள். அதற்கப்புறம்தான் போட்டாள்.

வாசலில் துடைப்பத்தோடு அத்தான் நின்றார். "காட்டும்மா" என்றார். முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

"அந்த நேரம் பாத்து கேமரா நின்னுடுச்சு அத்தான்."

"சரி விடு. போச்சுல்ல, அது போதும். இனிமே அவங்களே போட்டுப்பாங்க, நான் தரையப் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். கேட்ட ஒன்றே ஒன்றை இல்லையென்று சொன்ன பாவி நான். ஆனால் அந்த முகத்தை அவருக்கு எப்படிக் காட்டுவது?

சாயங்காலம் அக்கா வீட்டில் சாப்பிட்டேன். அத்தான் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தார். பழக்க தோஷத்தில் தலையைத் தூக்காமல் கையை நீட்டினேன். உப்புக் கிண்ணம் வந்து உள்ளங்கையில் உட்கார்ந்தது, ஒரு கல் சிந்தாமல். கொடுத்தது அக்கா மகள். பரவாயில்லையே என்று நிமிர்ந்தேன். அவள் என்னையும் பார்க்கவில்லை, கிண்ணத்தையும் பார்க்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருக்க, தன் அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.