மான் வேட்டைக்கு டேக் எங்கே கிடைக்கும்?

மானைக் காப்பது லேசு. மான் அடிக்க யோசனை கேட்டு வருகிறவர்களிடம் நம்ம வாயைக் காப்பதுதான் வனக்காப்பாளர் வேலையிலேயே பெரும்பாடு. இலுப்பூர்ப் பக்கம் தைலமரக் காட்டில் நான் காக்கி போட்டுச் சுற்றுகிறேன். நீங்களும் ஏதாவது ஒரு அரசாங்க ஆபீசில் உட்கார்ந்திருந்தால் என் பாடு உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாம் பரீட்சை எழுதி வேலைக்கு வந்ததே சொந்தக்காரர்களுக்குச் சலுகை பண்ணத்தான் என்று அவர்கள் நம்புகிறார்கள். உங்களிடம் பட்டா கேட்பார்கள், கரண்ட் கனெக்‌ஷன் கேட்பார்கள். என்னிடம் மான் கேட்கிறார்கள்.

டேக்

என் கொழுந்தன் செல்வம் சிங்கப்பூரில் வெல்டர். கல்யாணத்துக்கு லீவில் வந்தவன், கறம்பக்குடியில் மாமனார் வீட்டு விருந்துக்குப் போனான். விரால், காடை, நாட்டுக்கோழி என்று இலையில் இடம் விடாமல் போட்டிருக்கிறார்கள். தின்றோமா, கை கழுவினோமா என்று வரவேண்டியதுதானே? நீங்க நம்ம வீட்டுக்கு வாங்க மாமா, நான் மான் கறியே போடுறேன் என்று மாமனாரிடம் வீறாப்பாகச் சொல்லிவிட்டு வந்து நிற்கிறான். போடாவிட்டால் மாமனார் முன்னால் மானம் போகும். போட்டால் கேஸ் ஆகும், பாஸ்போர்ட் முடங்கும், சிங்கப்பூருக்கு ஒரு கும்பிடு. பிடிக்க வேண்டியவளும் நானேதான்.

வெளிநாட்டு வேட்டை வீடியோக்களாகப் பார்த்துத் தொலைத்திருக்கிறான். அங்கே அரசாங்கத்திடமே டேக் என்று ஒரு அனுமதி அட்டை வாங்கி, அடித்த மான் காதில் கட்டிக்கொண்டு ராஜா மாதிரி வீட்டுக்குப் போகலாமாம். அந்த டேக் எங்க ஆபீசில் கிடைக்குமா, இல்லை ஆன்லைனா என்று கேட்டான். நம்ம நாட்டில் டேக்கும் இல்லை, சீசனும் இல்லை. அடித்தாலும் உள்ளே, கறியை வைத்திருந்தாலும் உள்ளே, ஜாமீன்கூட லேசில் கிடைக்காது என்று தலைபாடாய் அடித்துக்கொண்டேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்: "சொந்தக் கொழுந்தனுக்கே தர மாட்டேங்கிறீங்க, வெளியாளுக்கு எங்க மதினி தரப் போறீங்க?"

இலைச்சட்டை

அதற்கப்புறம் வீட்டுக்குப் பார்சலாக வந்து இறங்கியது. முழங்கால் வரை பூட்ஸ். கழுத்தில் மாட்ட பைனாகுலர். மானைக் கூப்பிட ஒரு ஊதல். மனுச வாடையை மறைக்க ஒரு ஸ்ப்ரே. அதை அடித்துக்கொண்ட கையோடு, அதன் மேலேயே சிங்கப்பூர் சென்டையும் அடித்துக்கொண்டான். எல்லாவற்றுக்கும் மேலே, இலை இலையாக அச்சடித்த சட்டையும் பேன்ட்டும். அந்த இலைகள் எந்தத் தேசத்து மரத்தினுடையவோ, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். துப்பாக்கி மட்டும் இல்லை. முதலில் காட்டைப் பழகணுமாம், பிறகுதான் துப்பாக்கியாம்.

அந்தக் கோலத்தில் மத்தியானம் காட்டோரம் நடந்திருக்கிறான். ஊர் நாய்கள் அத்தனையும் பின்னாலேயே போயிருக்கின்றன. தைலமர இலை விரல் அகலம்கூட இருக்காதே, இவன் யாரிடம் ஒளிந்துகொள்ளப் பார்த்தான்? என்னோடு வேலை பார்க்கும் வேட்டைத் தடுப்புக் காவலர் சவரிமுத்து, ஆவூர்க்காரர், சிரிக்காமலே பேசுகிற ஆள். அவர் எனக்குப் போன் போட்டார்: "மேடம், இங்கிட்டு தைலமரத்துக்கு நடுவுல ஒரு தேக்குமரம் நடந்து வருது. ஒங்க கொழுந்தனாரான்னு பாத்துச் சொல்லுங்க."

தூக்குவாளி

இன்னொரு நாள், தண்ணிக்கு வந்த புள்ளிமான் ஒன்றை நாய்கள் கடித்துப்போட்டன. நாங்கள் போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. பெட்டை மான். கண் திறந்தே கிடந்தது. கால்நடை டாக்டர் வந்து அறுத்துப் பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு குழி தோண்டிப் புதைக்க வேண்டும், அதுதான் முறை.

குழி தோண்டத் தோண்டக் கூட்டம் கூடியது. துக்கத்துக்கு வந்த கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். பாதிப்பேர் கையில் தூக்குவாளி. அந்தப் பாதியில் நம்ம செல்வமும் ஒருத்தன், புது எவர்சில்வர் வாளியோடு. நான் பார்த்த பார்வையில் வாளியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நழுவினான். நாய்க்கடி பட்டுச் செத்தது, தின்றால் என்ன ஆகுமோ என்ற பயம்கூட ஒருத்தருக்கும் இல்லை. ரிட்டயர்டு வாத்தியார் ஒருவர் எல்லாருக்கும் சேர்த்து வாதாட முன்னால் வந்தார்: "மண்ணு திங்கிறத மனுசன் தின்னா கவர்மென்ட்டுக்கு என்னம்மா நஷ்டம்?"

ஸ்டேட்டஸ்

சம்பந்தி வீட்டார் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்த அன்று நான் டூட்டியில் இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் எங்க மேலதிகாரி ரேஞ்சர் கூப்பிட்டுத் தன் செல்போனை நீட்டினார். வாழையிலை, குவியலாகக் கறி, பக்கத்தில் செல்வத்தின் பல். மேலே 'மாமனாருக்கு மான் விருந்து' என்று எழுதி, நெருப்புப் படம் வேறு. ஸ்டேட்டஸில் போட்டிருக்கிறான், கூறுகெட்டவன். ஊரில் யாரோ அதைப் பிடித்து ரேஞ்சருக்கே அனுப்பிவிட்டார்கள்.

என் செல்போனும் கையில்தான் இருந்தது. ஒரு போன் போட்டிருந்தால் கறி குழிக்குள் போயிருக்கும். ஆனால் அந்தப் பெட்டை மானின் கண் ஞாபகத்துக்கு வந்தது, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. போடவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்தேன். இன்றைக்கோடு அந்த வீட்டில் எனக்குச் சோறு கிடையாது என்று தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

எங்களைப் பார்த்ததும் செல்வம் இலையை விட்டு எழுந்து ஓடி வந்தான். சார், இது ஆட்டுக்கறி சார், சும்மா பந்தாவுக்குப் போட்டேன் சார் என்று கும்பிட்டான். ரேஞ்சர் காதிலேயே வாங்கவில்லை. எனக்கும் நம்பிக்கை வரவில்லை. சவரிமுத்து என் பக்கம் குனிந்தார்: "நம்ம சர்வீஸ்ல மான் கறின்னு ஒத்துக்கிட்டவன் எவன் மேடம்? புடிபட்டா எல்லாக் கறியும் ஆட்டுக்கறிதான்."

சாட்சி

அதுவரை எலும்பு கடித்துக்கொண்டிருந்த சம்பந்திக்கு, மாப்பிள்ளையை யாரோ பொய்க்காரன் என்கிறார்கள் என்பது மட்டும் விளங்கியது. மான் அடிக்கத் துப்பில்லாமல் ஆட்டைப் போட்டு ஏமாற்றினான் என்று ஊரில் பேசிவிட்டால் கறம்பக்குடியில் தலைகாட்ட முடியுமா? ரோஷம் வந்துவிட்டது. செல்வம் பின்னாலிருந்து அவர் வேட்டியைப் பிடித்து இழுக்க இழுக்க, எச்சில் கையோடு எழுந்து நின்று ரேஞ்சரிடம் சொன்னார்: "மானுதாங்க. எங்க மாப்பிள்ளை கையால அடிச்சது. எங்க வேணாலும் வந்து சாட்சி சொல்றேங்க."

கருப்பன்

சாட்சியே கிடைத்த பிறகு வேறென்ன? ரேஞ்சர் செல்வத்தை ஜீப்பில் ஏறச் சொன்னார். அவன் பெண்டாட்டி மேகலா சுவரோரம் கல்லாக நின்றாள்.

அப்போதுதான் கொல்லையிலிருந்து என் மாமியார் ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்து ரேஞ்சர் காலடியில் தொம்மென்று வைத்தார். உள்ளே கருப்புக் கிடாயின் தலை, கொம்போடு. பக்கத்தில் நாலு காலும் தோலும். குட்டியிலிருந்து வளர்த்த கிடாயை, மாமனாருக்கு விருந்து என்று சொல்லி அறுத்துவிட்டு, இப்போது மான் என்று பேரையும் மாற்றுகிறான் என்ற எரிச்சல் அவருக்கு. "நல்லாப் பாருங்க சாமி, எங்க கருப்பனா இது, மானா?" என்று கேட்டார். ரேஞ்சர் ஒரு துண்டுக் கறியைப் பரிசோதனைக்கு எடுத்துக்கொண்டு, செல்வத்தை விட்டுவிட்டுப் போனார். பரிசோதனையிலும் பிறகு ஆடு என்றே வந்தது.

சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் கை கழுவப் போய்விட்டார். செல்வம் தலை நிமிரவில்லை. நான் மேகலாவுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்லலாம் என்று கிட்டே போனேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு புருஷனை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தாள். "மான் அடிக்கத் தெரியாதது நல்லதுதாங்க்கா. ஒரு பொய்யக்கூட உருப்படியாச் சொல்லத் தெரியலையே, இவர நம்பி எப்படிக்கா வெல்டிங் வேலை குடுத்தாங்க?"

ஆகவே, புதிதாக மான் வேட்டைக்குக் கிளம்புகிற வீரர்களே, நீங்கள் என்னதான் சட்டை போட்டு, ஊதல் ஊதி, சென்ட் அடித்துக்கொண்டு போனாலும், கடைசியில் உயிரை விடுவது உங்கள் வீட்டுக் கொல்லையில் கட்டிக்கிடக்கிற ஆடுதான்.