கெர்னலின் வெள்ளிக்கிழமை

மகள் ஷா ஆலத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் எனக்கொரு புதுக் கைப்பேசி வாங்கித் தந்தாள். அதில் எல்லாம் திறந்தது. எனக்கு வேண்டிய ஒன்று மட்டும் திறக்கவில்லை.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாறுகிறேன். சில வருடங்களாக இரண்டு காதும் மந்தம். பழைய கைப்பேசியில் ஒரு செயலி இருந்தது. எதிரில் பேசுவதைப் பெரிதாக்கிக் காதில் மாட்டிய ஒயருக்கு அனுப்பும். நான் பாட்டுக் கேட்கிறேன் என்று கடையிலும் வீட்டிலும் நினைத்தார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். காது போனது தெரிந்தால் பரிமாறுவதை நிறுத்தி, பின்கட்டில் பாத்திரம் கழுவ விட்டுவிடுவார்களோ என்று பயம்.

புதுக் கைப்பேசியில் அந்தச் செயலியைத் தொட்டால் ஆங்கிலத்தில் ஏதோ வந்து மூடிக்கொண்டது. பதினாறு என்ற எண் மட்டும் புரிந்தது. இடம் போதவில்லை போலிருக்கிறது என்று திருவிழாப் படங்களை எல்லாம் அழித்தேன். மறுபடியும் அதே பதினாறு.

மதியக் கூட்டம் ஓய்ந்ததும், தெருமுனையில் கைப்பேசி பழுது பார்க்கும் அக்காவிடம் போனேன். எங்கள் கடையில்தான் சாப்பிடுவார், வெள்ளிக்கிழமை சைவம்.

அவர் சொன்னது முதலில் எனக்குக் கேட்கவில்லை. காதோரம் கை வைத்தேன். சத்தமாகச் சொன்னார்.

“படத்த ஏண்ணே அழிச்சீங்க? எடம் இருக்குலா. உள்ளுக்கு கெர்னல்னு ஒன்னு இருக்கு. மெமரிய அதுதான் இலை போட்டுப் பங்கு வைக்கும். பழைய போன்ல ஒரு இலை நாலு கேபி, அதான் கிலோபைட். இதுல பதினாறு.”

“பெரிய இலைல சின்னச் சாப்பாடு கொள்ளாதா?”

“கொள்ளும். ஆனா ஒரு இலைக்கு ஒரே சட்டம். தொடக் கூடாதது ஒரு இலை, மாத்தலாங்கறது வேற இலை. சைவம், கறி மாதிரி. நாலு சின்ன இலை இருந்த எடத்துல இப்ப ஒரே பெரிய இலை. ரெண்டும் ஒன்னா விழுது. நான் சாப்பிடுவேனா?”

“வெள்ளிக்கிழமைன்னா மாட்டீங்க.”

“கெர்னலுக்கு தெனமும் வெள்ளிக்கிழமைதான்.”

கறியைத் தள்ளி அடுத்த இலையில் பரிமாறினால் போதாதா என்று கேட்டேன். அதைச் செயலியைச் செய்தவர்தான் செய்ய வேண்டுமாம். அவர் அதைக் கைவிட்டு ரொம்ப நாளாம். என் காதுக்கு வரும் பேச்சில் எது சைவம், எது கறி? எனக்குப் பிடிபடவில்லை.

அக்கா திரையைப் பார்த்தார், பிறகு என்னை. “அண்ணே, இது பாட்டு இல்லையே. காதா?”

பக்கத்துக் கடைக்காரரும் திரும்பினார். தலையாட்டினேன்.

“பழைய போன் இருக்கா? அதையே வச்சுக்குங்க. ஆஸ்பத்திரிக்கும் போங்கண்ணே.”

கிள்ளான் ரயிலில் வீடு திரும்பும்போது மகள் போனில் கூப்பிட்டாள். வழக்கமாக, சும்மா ‘ம்’ என்று வைத்துவிடுவேன்.

“சத்தமா பேசும்மா. கேக்கல.”

“ரயில் சத்தமாப்பா?”

“இல்ல. காதுதான். ரொம்ப நாளாவே.”

அவள் பேசவில்லையா, எனக்குக் கேட்கவில்லையா, தெரியவில்லை. அப்புறம் கத்தினாள்: “அப்ப அந்தப் பாட்டு?”

“அது பாட்டு இல்லம்மா. புது போன்ல இலை பெருசாயிடுச்சி,” என்று தொடங்கினேன்.